செத்தையை நாடும் அட்டை

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில், பிற்பகல் நிகழ்ச்சியில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

ஆண்டு விழா மேடையில் ஏறுவோர் திருக்குறளைப் பற்றியோ, சிலப்பதிகாரத்தைப் பற்றியோ, தமிழிசையைப் பற்றியோ பேசுவது வழக்கம். அவ்வாறு பேசக் கற்றவர்கள் நம் காலனியில் பலர் இருக்கிறார்கள். ரயில்வேயில் பார்சல் குமாஸ்தாவாக இருபது ஆண்டுகள் ரசீது எழுதிய நமக்கு அத்தகுதி இல்லை. நம் படிப்பு பத்தாம் வகுப்போடு நின்றுவிட்டது. ஆதலால், நாம் பிறந்த கடற்கரையைச் சேர்ந்த ஓர் உயிரைப் பற்றிச் சிறிது நேரம் பேச இசைவு தருமாறு செயலாளர் அவர்களிடம் கேட்டோம். பொருள் என்ன என்று வினவினார். "கடல் அட்டை" என்றோம். அவர் முகம் சற்றே சுளித்தது. "விழாவன்று, சாப்பாட்டுக்கு முன்பா?" என்றார். அவருடைய நல்லெண்ணத்தால் நம் பேச்சு சாப்பாட்டுக்குப் பின் வந்திருக்கிறது. அன்பர்கள் பாயசத்தின் இனிமை மாறுமுன் சிறிது பொறுமையோடு கேட்க வேண்டுகிறோம்.

"அட்டையைப் பிடித்து மெத்தையில் வைத்தாலும் அது செத்தையைத்தான் நாடும்" என்பது நம் பாட்டிமார் வாயில் அடிக்கடி வரும் பழமொழி. இழிந்தவன் உயர்ந்த இடத்திற்கு வந்தாலும் தன் புத்தியை விடமாட்டான் என்று பழிப்பதற்கே அதைச் சொல்வார்கள். கடலிலே ஓர் அட்டை உண்டு; அதுவும் செத்தையைத்தான் நாடும். ஆனால் அது செத்தையை நாடுவதால்தான் நம் கடற்படுகை கெடாமல் இருக்கிறது. அந்த அட்டை இன்று அருகிவிட்டது. அதைப் பிடிப்பதை அரசாங்கம் தடுத்திருக்கிறது. அதைப் பிடித்த குற்றத்திற்காக நம் குடும்பத்துப் பிள்ளை ஒருவன் வழக்கு மன்றத்திற்கு அலைந்துகொண்டிருக்கிறான். நாம் இப்பொருளை எடுத்துக்கொண்டதற்கு உண்மையான காரணம் அதுவே. அதைப் பின்னர்ச் சொல்வோம். முதலில் இந்த உயிரை அறிந்துகொள்வோம்.

கடல் அட்டை என்றதும், மழைக்காலத்தில் காலில் ஒட்டி இரத்தம் குடிக்கும் அட்டையை எண்ணிக் கூசவேண்டாம். இரண்டிற்கும் பெயரில் தவிர வேறு உறவு இல்லை. ஆங்கிலேயர் முற்காலத்தில் இதனைக் கடல் நத்தை என்றார்கள். உருவத்தைக் கண்டு கடல் வெள்ளரிக்காய் என்றும் பெயரிட்டார்கள். இது நத்தையினமும் அன்று, காயும் அன்று. நட்சத்திர மீனும் முள்ளெலி போன்ற கடல் முள்ளியும் எந்தக் குலமோ, அந்தக் குலத்தைச் சேர்ந்தது இது. இதற்கு எலும்பு இல்லை, கண் இல்லை, மூளை என்று சொல்லத்தக்க உறுப்பும் இல்லை. பருத்த வெள்ளரிக்காய் போன்ற மெத்தென்ற உடல். ஒரு முனையில் வாய். வாயைச் சுற்றிப் பூவிதழ்போல் விரியும் உணர்கொம்புகள். இவ்வளவே அதன் தோற்றம்.

உலகக் கடல்களில் 1,700க்கு மேற்பட்ட கடல் அட்டை இனங்கள் உண்டென்று அறிஞர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். நம் இராமநாதபுரம், தூத்துக்குடிக் கடற்கரை மக்கள் தாம் கண்டவற்றிற்கு அழகாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். குச்சிபோல் கருத்து நீண்டிருப்பது குச்சி அட்டை. தொட்டவுடன் பிசுபிசுக்கும் வெண்ணிற நூலைக் கக்குவது நூல் அட்டை. ராஜ அட்டை என்று ஒன்று உண்டு. இவை எல்லாவற்றிலும் விலை மதிப்பு மிக்கது வெள்ளை அட்டை. முதுகு சாம்பலும் கருமையுமாக வரி ஓடியிருக்கும், வயிறு வெளுத்திருக்கும். நன்கு வளர்ந்தது ஓர் அடி நீளம் வரை இருக்கும். நாம் இன்று பேசுவது பெரும்பாலும் இந்த வெள்ளை அட்டையைப் பற்றியே. உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் சிவப்புப் பட்டியலில் இது அழியும் நிலையிலுள்ள இனமாகக் குறிக்கப்பட்டுள்ளது. இதன் உறவினங்கள் வேறு சிலவும் அழிவுக்கு இலக்காகக் கூடியவையாக அப்பட்டியலில் ஏறியுள்ளன.

இதன் இருப்பிடம் எது? இராமேசுவரம் சென்ற அன்பர்கள் பாம்பன் பாலத்தை மறந்திருக்க மாட்டார்கள். 1914இல் திறந்த பழைய பாலத்தின்மேல் வண்டி ஊர்ந்து சென்றதை நம்மில் மூத்தவர்கள் அறிவார்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தின்மேல் இளையவர்கள் செல்கிறார்கள். அப்பாலத்தின் ஒரு பக்கம் தெரிவது பாக் நீரிணைப் பகுதி. மறுபக்கம் தெரிவது மன்னார் வளைகுடா. அக்கடலின் ஆழங்குறைந்த பகுதிகளில் நீரடியில் புல்வெளிகள் உண்டு. கடற்பாசியைச் சொல்லவில்லை, வேரும் இலையும் பூவும் உள்ள உண்மையான கடற்புல்லையே சொல்லுகிறோம். அப்புல்வெளியிலும், அதனை அடுத்த சேறு கலந்த மணற்பரப்பிலுமே வெள்ளை அட்டை வாழ்கிறது. பகற்பொழுதில் மணலுக்குள் புதைந்து கிடக்கும். பொழுது சாயும் வேளையில் மெல்ல மேலெழுந்து மேயத் தொடங்கும்.

மேய்வது எதனை? மணலைத்தான். உதிர்ந்த புல், செத்த உயிர்களின் துகள், பிற உயிர்களின் கழிவு, கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர் ஆகியவை ஒட்டிய மணலை உணர்கொம்பால் அள்ளி வாயில் இட்டுக்கொள்கிறது. அதில் உள்ள சத்தைத் தன் குடலில் வாங்கிக்கொண்டு, சுத்தமான மணலைப் பின்னால் சிறு கயிறுபோல் விட்டுச் செல்கிறது. நம் வயல்களில் மண்புழு என்ன தொண்டு செய்கிறதோ, அதனையே கடற்படுகையில் இது செய்கிறது. புதைவதாலும் எழுவதாலும் மணல் கிளறப்பட்டு, அடியிலுள்ள மண்ணுக்குக் காற்றோட்டமுள்ள நீர் கிடைக்கிறது. இது வெளியேற்றும் உப்புச் சத்து புல்லுக்கு உரமாகிறது. புல் செழித்தால் இறாலும் மீன் குஞ்சும் அதில் ஒதுங்கி வளரும். அப்புல்லையே மேயும் கடற்பசுவும் பிழைக்கும். ஆகவே, கரையில் வலையிழுக்கும் மீனவனுடைய சோற்றில் இந்த அட்டைக்கும் ஒரு பங்கு உண்டு.

குழந்தைகள் வியக்கத்தக்க செய்திகள் சிலவும் உண்டு. இது பின்துவாரத்தின் வழியே நீரை உள்ளிழுத்து மூச்சு விடுகிறது. உடலுக்குள் மரக்கிளைபோல் விரிந்த ஓர் உறுப்பு அந்நீரிலிருந்து உயிர்க்காற்றைப் பிரித்துக்கொள்கிறது. மெலிந்து நீண்ட ஒரு சிறு மீன் அந்த வழியாகவே உள்ளே நுழைந்து, வாடகை கொடாத குடித்தனக்காரனைப்போல் பகலெல்லாம் தங்கியிருப்பதும் உண்டு. பகைவன் பற்றினால் சில அட்டைகள் தம் குடலையே வெளியே எறிந்துவிடும். பகைவன் அதில் மயங்கியிருக்கும்போது தாம் தப்பி, சில வாரங்களில் புதுக்குடலை வளர்த்துக்கொள்ளும். இவ்வளவு வித்தையும் மீனிடமும் நண்டிடமும் செல்லும். மனிதன் கையிடம் செல்லவில்லை. ஓடவும் தெரியாமல், கடிக்கவும் தெரியாமல் மணலில் கிடக்கும் உயிரைப் பொறுக்கி எடுக்கத் தடை என்ன?

இனி, இவ்வுயிரின் இனப்பெருக்கத்தைச் சொல்லவேண்டும். இந்தப் பேச்சின் உயிர்நிலை அதில்தான் இருக்கிறது. கடல் அட்டையில் ஆணும் பெண்ணும் வேறு வேறு. ஆனால் புறத்தோற்றத்தில் பிரித்தறிய இயலாது. அவை கூடுவதில்லை. உரிய காலத்தில் ஆண் தன் உடலின் முன்பாதியை உயர்த்தி, மெல்ல அசைந்து, தன் வித்தை நீரில் விடும். அதன் குறிப்பறிந்து அருகிலுள்ள பெண்ணும் முட்டைகளை நீரிலே பொழியும். ஒரு பெண் இடும் முட்டைகள் இலட்சக்கணக்கில் இருக்கும். அவ்வளவு முட்டை இருந்து என்ன? ஆணும் பெண்ணும் அருகருகே இருந்தால்தான் முட்டையும் வித்தும் ஒன்றுசேரும். தொலைவில் இருந்தால் இரண்டும் நீரோடு போய்விடும். ஆகவே, ஒரு கடற்பரப்பில் நூறு அட்டை எஞ்சியிருந்தாலும், அவை ஒன்றுக்கொன்று எட்டாத தூரத்தில் சிதறிக் கிடந்தால், அப்பரப்பு மலடாகவே இருக்கும். கடைசி அட்டையைப் பிடித்த பின்தான் இனம் அழியும் என்பதில்லை. அருகருகே இருந்தவற்றைப் பிரித்துவிட்டாலே அழிவு தொடங்கிவிடுகிறது.

சேர்ந்த முட்டையிலிருந்து பிறக்கும் குஞ்சு ஏறத்தாழ இரண்டு வாரங்கள் நீரில் மிதந்து திரிகிறது. பின்பு ஒரு கடற்புல்லின் இலையைப் பற்றிக்கொண்டு உருமாறுகிறது. அங்கே சிறிது வளர்ந்த பின்னரே மணலில் இறங்குகிறது. புல் இல்லையேல் அதற்குத் தொட்டில் இல்லை. முட்டையிடும் பருவத்தை அடைய ஒன்றரை ஆண்டிலிருந்து இரண்டு ஆண்டுகள் வரை ஆகும். இவற்றை நினைவில் வைத்துக்கொண்டு, மனிதன் செய்ததைக் கேளுங்கள்.

இதனை நம் கடற்கரையில் பிடிப்பவரும் உண்பதில்லை, விற்பவரும் உண்பதில்லை. சீனர்களே இதனை விருந்துணவாகவும் மருந்தாகவும் மதிக்கிறார்கள். உடலுக்கு வலுவூட்டும் ஒரு பெயர்பெற்ற வேரின் பெயரை இதற்குச் சூட்டி, கடலின் மருந்துவேர் என்ற பொருளில் 'ஹாய்ஷென்' என்கிறார்கள். பதப்படுத்தும் தொழிலைச் சீன வணிகர்களே ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் நம் கரைக்குக் கொணர்ந்தனர் என்பது வழிவழிச் செய்தி. இந்த அட்டையை நாடித்தான் மக்காசார் மாலுமிகள் பாய்மரம் விரித்து ஆஸ்திரேலியாவின் வடகரைக்கு ஆண்டுதோறும் சென்று வந்தனர். 1907 வரை அப்போக்குவரத்து நடந்தது. சென்னை மாகாணத்து மீன்துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னெல் என்ற ஆங்கிலேயர் 1917இல் நம் கடல் அட்டைத் தொழிலைப் பற்றித் தனியே ஓர் அறிக்கை எழுதினார். அத்தனை பழமையான வாணிகம் இது.

பதப்படுத்தும் முறையை நாம் சிறுவயதில் கண்டிருக்கிறோம். பிடித்து வந்த அட்டையைக் கீறிக் குடலை அகற்றுவார்கள். பெரிய அண்டாவில் கடல்நீரோடு வேகவைப்பார்கள். பின் கரையோர ஈரமணலில் குழி வெட்டி ஓர் இரவு புதைத்து வைப்பார்கள். தோலின்மேல் சுண்ணாம்புபோல் படிந்த பகுதி அதற்குள் இளகிவிடும். மறுநாள் எடுத்துக் காலால் மிதித்துத் தேய்த்துக் கழுவி, மீண்டும் வேகவைத்து, வெயிலில் காயப்போடுவார்கள். நூறு கிலோ பச்சை அட்டை காய்ந்தபின் ஏறத்தாழ ஐந்து கிலோவே தேறும். கருங்கல்போல் இறுகிய அந்த ஐந்து கிலோ, சிங்கப்பூருக்கும் ஹாங்காங்குக்கும் கப்பலேறும். அண்டாவின் அடியில் விறகு தள்ளியவர்களில் நம் பாட்டியும் ஒருவர். நம் பாட்டனார் சங்கு குளித்தவர். சங்கு கிடைக்காத நாளில் அட்டை எடுத்து வருவார். ஆகவே, இத்தொழிலை இழித்துப் பேச நமக்கு உரிமை இல்லை. அச்சோற்றில் வளர்ந்த உடம்பு இது.

அன்று மூச்சடக்கிக் குளித்தார்கள், கையால் எடுத்தார்கள். காற்றும் கடலும் ஆண்டில் சில மாதங்கள் விடுமுறை கொடுத்தன. பின்னர், காலில் தகடு கட்டி நீந்துவோர் பெருகினர். 'தள்ளுமடி' என்னும் வலை தரையோடு தரையாகப் புல்லையும் மணலையும் வழித்தெடுத்தது. விசைப்படகுகளின் இழுவை மடி கடற்படுகையை உழுதது. அதில் வேண்டியதும் வேண்டாததும் ஒன்றாக அள்ளப்பட்டன. வெளிநாட்டில் விலை ஏற ஏற, பெரியது கிடைக்காதபோது சிறியதும் அண்டாவிற்குச் சென்றது. இதனைக் கண்டு 1982இல் மத்திய அரசு ஒரு விதி செய்தது: காய்ந்த நிலையில் மூன்று அங்குலத்திற்குக் குறைந்த அட்டையை ஏற்றுமதி செய்யலாகாது. நல்ல விதிதான். ஆனால் துறைமுகத்தில் அளவுகோல் வைத்துப் பார்க்கும்போது அட்டை காய்ந்து போயிருக்கிறது. சிறியதென்று தள்ளினாலும் அது உயிர்பெற்றுக் கடலுக்குத் திரும்பாதே!

இறுதியில் 2001ஆம் ஆண்டு சூலையில், கடல் அட்டை இனம் முழுவதையும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள். புலிக்கு என்ன காவலோ, அட்டைக்கும் அதே காவல். பிடிப்பதும், வைத்திருப்பதும், விற்பதும் குற்றம். மூன்று ஆண்டுக்குக் குறையாமல் ஏழு ஆண்டு வரை சிறைத் தண்டனை விதிக்க அச்சட்டம் இடந்தருகிறது.

அன்பர்களே! இங்கேதான் நம் குடும்பக் கதை வருகிறது. நம் சிற்றப்பாவின் மகன் நம்மைவிடப் பத்து வயது இளையவன். தடை வந்தபோது அவன் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தான். படிப்பு ஏறவில்லை; தகப்பனைப்போல் கடலுக்குப் போனான். மூன்று ஆண்டுகளுக்கு முன் ஓர் இரவு, அட்டை நிறைந்த மூட்டையோடு படகில் பிடிபட்டான். சிற்றன்னை தொலைபேசியில் அழுதது இன்றும் காதில் நிற்கிறது. "ஐயா, நீ சர்க்கார் வேலைக்காரன், நீ சொன்னால் விட்டுவிட மாட்டார்களா?" என்றார். பார்சல் குமாஸ்தா சொல்லி யார் கேட்பார்கள்? வக்கீலுக்குப் பணம் மட்டும் அனுப்பினோம். பின் விடுமுறையில் ஊருக்குச் சென்றபோது, ஜாமீனில் வந்திருந்த தம்பியைக் கடுமையாகக் கண்டித்தோம். அவன் தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு சொன்னான்: "அண்ணே, அப்பா காலத்திலே இடுப்பளவு தண்ணியிலே நடந்தால் அட்டை காலிலே மிதிபடுமாம். நான் அன்றைக்கு ஆறு பாகம் முங்கி, நாலு இரவு தேடி, அந்த ஒரு மூட்டையைச் சேர்த்தேன். அதுக்குக் கொடுத்த முன்பணத்திலேதான் மகளுக்குப் பள்ளிக்கூடச் சம்பளம் கட்டினேன்."

அவன் செயல் சரி என்று நாம் சொல்ல வரவில்லை. குற்றம் குற்றமே. ஆனால் அவன் சொன்ன சொல்லில் இரண்டு உண்மைகள் இருந்தன. அட்டை குறைந்துவிட்டது என்பதற்குப் புத்தகச் சான்று வேண்டியதில்லை. ஆறு பாகம் முங்கியவனே சான்று. அடுத்தது, முன்பணம் கொடுத்தவன் ஒருவன் இருக்கிறான். அவன் கடலில் நனைவதில்லை, பிடிபடுவதும் அரிது. கிலோ ஒன்று பல ஆயிரம் ரூபாய்க்குப் போகும் பொருளில், முங்கியவன் கைக்கு வருவது மிகச் சிறு பங்கு. கடலுக்கு அப்பால் இலங்கையில் அனுமதிச் சீட்டுடன் அட்டை பிடிக்கலாம். யாழ்ப்பாணம், கிளிநொச்சி, மன்னார்ப் பகுதிகளில் பட்டியடைத்து வளர்க்கவும் செய்கிறார்கள். இங்கே குற்றமான சரக்கு, இரவோடு இரவாக நீரிணையைக் கடந்தால் அங்கே உரிமைச் சரக்கோடு கலந்துவிடுகிறது. சட்டம் ஒரு கரையில் மட்டும் நின்றால், கள்ளச் சரக்குக்கு மறுகரை திறந்தே இருக்கிறது.

அந்த விடுமுறையில் மண்டபம் முகாமுக்குச் சென்று, மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தின் காட்சிக்கூடத்தைக் கண்டோம். 1947இல் அந்த நிலையம் தோன்றியது. அந்நிலையத்தின் தூத்துக்குடிப் பிரிவில் 1988இல் வெள்ளை அட்டையைத் தொட்டியில் முட்டையிடச் செய்து குஞ்சு பொரித்தார்கள் என்று அறிந்தபோது நாம் வியந்து நின்றோம். அதற்கு முன் உலகில் எவரும் இந்த வெள்ளை அட்டையைச் செயற்கையாகக் குஞ்சு பொரித்ததில்லை. நீரின் வெப்பத்தைச் சிறிது உயர்த்தி முட்டையிடத் தூண்டினார்கள். நுண்பாசியை ஊட்டிக் குஞ்சை வளர்த்தார்கள். அது பற்றிக்கொள்ளக் கடற்பாசிச் சாறு தோய்த்த தகடுகளை வைத்தார்கள். நம் மண்ணில் பிறந்த அவ்வித்தை பிற நாடுகளில் இன்று தொழிலாகிவிட்டது. வியட்நாமில் குளங்களில் வளர்க்கிறார்கள். மடகாஸ்கர்த் தீவில் மீனவக் குடும்பங்கள் கடற்கரைப் பட்டிகளில் வளர்த்து விற்கின்றன. நம் கரையிலோ, அண்டா வைத்திருந்த குடும்பங்கள் அதை எடைக்குப் போட்டுவிட்டன.

"இருபது ஆண்டுகளுக்கு மேல் தடை இருந்தும் அட்டை ஏன் பெருகவில்லை? தடையை எடுத்துவிடலாமே!" என்று கடற்கரையில் கேட்கிறார்கள். கேட்பவர்களின் துன்பம் உண்மையானது. ஆனால் ஆஸ்திரேலியாவிற்கும் பாப்புவா நியூகினிக்கும் இடையேயுள்ள டாரஸ் நீரிணையின் செய்தியைக் கேளுங்கள். அங்கே வாரியர் திட்டில் வெள்ளை அட்டையை மிகுதியாகப் பிடித்துத் தீர்த்தபின் 1998இல் பிடிப்பை நிறுத்தினார்கள். பத்தாண்டு கழித்துப் பார்த்தபோதும் பழைய வளம் திரும்பவில்லை. காரணம், முன்னே சொன்னதுதான். சிதறிப்போனவை அருகருகே வந்தால்தானே இனம் பெருகும்! அவற்றுக்கோ விரைந்து நடக்கக் கால் இல்லை. ஆகவே, தடை போதவில்லை என்பதால் தடை வேண்டாம் என்று முடிவு செய்வது, மருந்து இன்னும் கேட்கவில்லை என்று மருத்துவரை அனுப்பிவிடுவது போலாகும்.

நம் சிற்றறிவுக்குப் பட்டதைச் சொல்லுகிறோம். கடலில் எஞ்சியதைத் தொடாமல் விட்டு வைக்க வேண்டும். அது மட்டும் போதாது. அது வாழும் புல்வெளியையும் காக்க வேண்டும். படுகையை உழும் மடிகளை ஆழங்குறைந்த பகுதிக்குள் விடக்கூடாது. இழுவை மடிக்காரரைப் பார்த்தும் பாராமல், முங்கி எடுப்பவனை மட்டும் பிடித்தால் கடல் தேறாது. மூன்றாவது, தூத்துக்குடியில் கண்ட வித்தையைக் கொண்டு குஞ்சு பொரித்து, ஒரு பகுதியைக் கடலில் அருகருகே விட வேண்டும். மறுபகுதியை, தொழில் இழந்த குளிகாரக் குடும்பங்கள் அரசின் கண்காணிப்பில் வளர்த்துப் பிழைக்க வழி செய்ய வேண்டும். காவலும் பிழைப்பும் ஒன்றாக நடந்தாலன்றி, முன்பணக்காரனுக்கு எப்போதும் ஓர் ஏழை கிடைத்துக்கொண்டே இருப்பான்.

நம்பிக்கைக்கு இடமில்லாமல் இல்லை. மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சுற்றி 1986இல் கடல் தேசியப் பூங்கா அமைந்தது. அவற்றில் இரண்டு தீவுகள் நீரில் மூழ்கிவிட்டன என்பதும் நினைவிருக்க வேண்டும். இலட்சத்தீவில் 2020இல் செரியபாணிப் பகுதியில் 239 சதுர கிலோமீட்டர் பரப்பைக் கடல் அட்டைக்கென்றே காப்பிடமாக அறிவித்தார்கள்; உலகில் அவ்வகையில் அதுவே முதலாவது. 2022இல் தமிழக அரசு பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் கடலைக் கடற்பசுவுக்குக் காப்பிடமாக்கியது. கடற்பசுவுக்குக் காக்கும் புல்லில் அட்டைக்கும் தொட்டில் கிடைக்கும். உலக நாடுகளும் 2019இல் கூடி, விலையுயர்ந்த மூன்று அட்டை இனங்களின் வாணிகத்தைக் கட்டுக்குள் கொண்டுவந்தன.

கடலுக்கு நெடுந்தொலைவில், உள்நாட்டில் ரயில்வே காலனியில் இருக்கும் நாம் என்ன செய்ய இயலும் என்று கேட்பீர்கள். சிலவற்றைச் செய்யலாம். கோடை விடுமுறையில் இராமேசுவரம் செல்லும்போது, மருந்துக்கென்றும் வலிமைக்கென்றும் எவரேனும் காய்ந்த அட்டையைக் காட்டினால் வாங்காமல் வரவேண்டும். பவளத்தையும் சங்கையும் நினைவுப் பொருளாகச் சுருட்டி வரும் குழந்தைகளுக்கு, எது சட்டத்தால் காக்கப்பட்டது என்று சொல்லிக் கொடுக்க வேண்டும். நம்மில் பார்சல், லக்கேஜ் அலுவலகங்களில் வேலை செய்வோர், கருவாடு என்று எழுதி வரும் மூட்டை கல்லைப்போல் கனத்தால் ஒருமுறைக்கு இருமுறை பார்க்க வேண்டும். தம்பி பிடிபடும் வரை காய்ந்த அட்டை எப்படிப்பட்ட பெட்டியில் வரும் என்று எண்ணிப் பாராமலேயே நாமும் சீட்டு எழுதிக்கொண்டிருந்தோம் என்பதை இந்த மேடையில் ஒப்புக்கொள்கிறோம்.

சென்ற மாதம் தம்பியின் கடிதம் வந்தது. இப்போது கூண்டு வைத்து நண்டு பிடிக்கிறானாம். முன்பணம் கொடுத்தவன் மீண்டும் வந்தானாம். "போய்விடு" என்று சொல்லிவிட்டானாம். வழக்கு இன்னும் முடியவில்லை. மகள் எட்டாம் வகுப்புக்குப் போய்விட்டாள். கடிதத்தின் அடியில் ஒரு வரி எழுதியிருந்தான்: முன்னொரு நாள் மாலை, வற்றல் நேரத்தில், கரைக்கு அருகே புல்லுக்குள் விரல் நீளத்தில் வெள்ளை அட்டை இரண்டைக் கண்டானாம், பக்கத்துப் பக்கத்தில் கிடந்தனவாம், தொடாமல் வந்துவிட்டானாம். அந்த வரியை நாம் மனைவியிடம் இருமுறை படித்துக் காட்டினோம்.

பெரியோர்களே! செத்தையை நாடுவதைக் குறை என்று சொன்ன பழமொழியைக் கடல் அட்டையின் மட்டிலேனும் நாம் மாற்றிக்கொள்வோம். அது மெத்தையைக் கேட்கவில்லை; தன் செத்தையையும் புல்லையும் அண்டை அயலையும் விட்டுவைக்கும்படியே கேட்கிறது. சொந்த ஊரைவிட்டு வந்து, இந்தக் காலனியில் அருகருகே குடியிருந்து, தமிழையும் பிள்ளைகளையும் வளர்த்துவரும் நமக்கு அண்டை அயலின் அருமை புதிதன்று.